மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து ரேஸுக்குப் போகிறவர்களுக்கு: பெற்றோல் 92 ஒக்டேனா, 95-ஆ, அதற்கும் மேலா?

கிழக்கில் வேகமான கார் வைத்திருக்கும் தம்பிமார் டியூனிங் (சக்தி கூட்ட எஞ்சின் செட்டிங்கை மாற்றுவது) பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்பது பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் அடைக்கும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு ஏற்றலாம், எக்சோஸ்ட் எங்கே வாங்கலாம் என்பதைத்தான். பெற்றோலைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த விவரங்களைத் திரட்ட நான் கொஞ்சமாக அலையவில்லை. கராஜில் ஒரு கதை, வெளிநாட்டு வீடியோவில் இன்னொரு கதை, உதிரிப்பாகக் கடையில் வேறொரு கதை. களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் ஒருவர் எந்தப் பெற்றோலை நம்பி எஞ்சினை டியூன் செய்வது என்று ஒரே இடத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் எந்த நாளும் கிடைக்கும் பெற்றோல் எது என்பதை முதலில் தீர்மானியுங்கள். டியூன் அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இணையத்தில் பார்த்த ஒரு குதிரைவலு எண்ணை மனதில் வைத்து டியூன் செய்துவிட்டு, அந்த டியூனுக்குத் தேவையான பெற்றோலைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். கிடைக்காத நாளில் 92 அடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பிஸ்டன் உடைவது அந்த நாளில்தான்.

1. ஒக்டேன் எண் எதைச் சொல்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

ஒக்டேன் எண் பெற்றோலின் சக்தியை அளப்பதில்லை. அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஆளாகும்போது, தானாகவே பற்றிக்கொள்ளாமல் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். ஒக்டேன் போதாவிட்டால், தீ வந்து சேருமுன்பே சிலிண்டரின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் ஒரேயடியாக வெடித்துவிடும். கராஜில் 'நொக்கிங்' என்பது இதைத்தான். மெதுவாக ஓடும்போது டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் கேட்கும். முழு வேகத்தில், எக்சோஸ்ட் இரைச்சலுக்குள் அது காதில் விழாது. ஆபத்தும் அங்கேதான்.

அதனால் கொம்பனி செட்டிங்கில் இருக்கும் ஒரு விட்ஸுக்கோ வேகன்ஆருக்கோ 95 அடிப்பதால் கார் பறக்கப்போவதில்லை. அந்த எஞ்சின்களுக்கு 92 போதும். மிச்சமாகும் காசை நல்ல டயருக்குப் போடுங்கள். உயர்ந்த ஒக்டேனால் பலன் வருவது, அதைப் பயன்படுத்தும் விதமாக எஞ்சினில் கொம்பிரஷனோ (பிஸ்டன் கலவையை அமுக்கும் அளவு), பூஸ்டோ, இக்னிஷன் டைமிங்கோ (பிளக் தீப்பொறி விடும் நேரம்) ஏற்றப்பட்டிருக்கும்போதுதான்.

2. உங்கள் கார் கேட்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

பெற்றோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மிடம் ஓடும் வேகக் கார்களில் பெரும்பாலானவை ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. ஸ்டிக்கரும் ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். தொலைபேசிக் கமராவின் மொழிபெயர்ப்பு வசதியைப் பிடித்துப் பாருங்கள். 'பிரீமியம்' என்று வந்தால், அந்தக் கார் ஜப்பானில் 'ஹை ஒக்கு' என்று சொல்லும் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. ஜப்பானியத் தர அளவுப்படி அந்தப் பெற்றோல் குறைந்தது 96 இருக்க வேண்டும். அங்கே பம்பில் வழக்கமாகக் கிடைப்பதோ 98 முதல் 100 வரை. லான்சர் எவோ, இம்பிரெசா எஸ்டிஐ, சிவிக் டைப் ஆர் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். நாம் 'நல்ல பெற்றோல்' என்று நினைத்து அடிக்கும் 95, அந்தக் கார்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஒரு எவோவோ எஸ்டிஐயோ கப்பலிலிருந்து இறங்கிய நாளிலேயே, எதையும் மாற்றாமலேயே, நம்முடைய 95-இல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஓடுகிறது. நொக் சென்சர் சத்தத்தைப் பிடித்து டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் நீங்கள் பூஸ்ட் ஏற்றினால், ஏற்கெனவே தீர்ந்துபோன இருப்பிலிருந்து கடன் எடுக்கிறீர்கள்.

ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் செசி இலக்கத்தையும் எஞ்சின் குறியீட்டையும் வைத்துத் தேடலாம். கொம்பிரஷன் விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எவோ 9-இன் 4ஜி63 டர்போ எஞ்சினின் விகிதம் 8.8 தான், ஆனால் டர்போ காற்றை அடைத்துத் தள்ளுவதால் அது உயர்ந்த ஒக்டேன் கேட்கிறது. ஹொண்டா கே20ஏ டைப் ஆர் எஞ்சினில் டர்போ இல்லை, ஆனால் விகிதம் 11.5. அதுவும் உயர்ந்த ஒக்டேன்தான் கேட்கிறது. நேரடி இன்ஜெக்ஷன் வைத்த புதிய எஞ்சின்கள், சிலிண்டருக்குள்ளேயே பெற்றோலை விசிறிக் குளிரவைப்பதால், அதே விகிதத்தில் குறைந்த ஒக்டேனையும் சமாளிக்கும்.

இங்கே புதியவர்கள் விழும் பெரிய குழி ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்கள் பம்பில் எழுதும் எண் வேறு, நாம் எழுதும் எண் வேறு. நம் நாட்டில் 92, 95 என்பது 'ரொன்' முறையில் அளந்தது. அமெரிக்காவில் ரொன், மொன் என்ற இரண்டு அளவையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். மொன் சோதனை கடுமையானது என்பதால் அந்தச் சராசரி குறைவாகவே வரும். அவர்களுடைய 87 நம்முடைய 91, 92-க்குக் கிட்டவும், 91 நம்முடைய 95, 96-க்குக் கிட்டவும், 93 நம்முடைய 98-க்குக் கிட்டவும் வரும்.

ஆகவே இணையத்தில் '93 ஒக்டேன் மெப்' என்று எஞ்சின் கணினிக்கான டியூன் கோப்பு ஒன்றை யாராவது தந்தால், நம்மிடம் 92-உம் 95-உம் இருக்கிறது, நடுவில்தானே 93 என்று எண்ணி அதை ஏற்றிவிடாதீர்கள். அது நம்மூர் பம்பில் கிடைக்காத பெற்றோலுக்கான மெப். நம்முடைய 95-க்குக் கிட்ட வருவது அவர்களுடைய 91 மெப். அதையும் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுங்கள்.

3. ஊர்ப் பெற்றோல் செட்டைத் தெரிவு செய்யுங்கள்

92 எங்கும் கிடைக்கும். 95 எல்லாச் செட்டிலும் இல்லை. மட்டக்களப்பு நகரம், கல்முனை, அம்பாறை நகரம் போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். உள்ளூர்ப் பாதைகளில், பொத்துவில் பக்கம் கீழே போகப்போக, கேட்டுவிட்டுப் போவதே நல்லது. சிபெட்கோ, லங்கா ஐஓசி, 2023-இல் வந்த சினோபெக், 2025-இல் வந்த ஷெல் என்று பெயர்ப் பலகைகள் மாறியிருக்கின்றன. நான் பலகையைவிட வேறு விஷயத்தைப் பார்க்கிறேன்: அந்தச் செட்டில் 95 எவ்வளவு வேகமாக விற்றுப்போகிறது?

காரணம் இதுதான். 92 தொட்டி அடிக்கடி காலியாகி அடிக்கடி நிரம்பும். 95 வாங்குபவர் குறைந்த இடத்தில் அதே பெற்றோல் நிலத்தடித் தொட்டியில் நாட்கணக்கில் கிடக்கும். நின்ற பெற்றோலில் இலகுவாக ஆவியாகும் பகுதி குறையும், ஈரம் சேரும். பம்ப் அடிக்கும் அண்ணனிடம் "95 பவுசர் கடைசியா எப்ப வந்தது?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும், மறைக்கவும் மாட்டார்கள். விற்பனை ஓடும் செட் ஒன்றைப் பிடித்து, எப்போதும் அங்கேயே அடியுங்கள். டியூன் செய்த காருக்கு நாளுக்கொரு பெற்றோல் ஆகாது.

அடிக்கும்போது காரிலிருந்து இறங்கி நில்லுங்கள். நம்மூரில் பழக்கதோஷத்தில் கை 92 குழாய்க்குத்தான் போகும். நீங்கள் "95" என்று சொன்னது மோட்டார் சைக்கிள் இரைச்சலில் கேட்காமலும் போகலாம். குழாயையும் பம்ப் திரையில் லீற்றர் விலையையும் பார்த்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பில்லை வாங்கி வையுங்கள். மூடியின் உள்பக்கம் '95 மட்டும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஸ்டிக்கர் ஒட்டினால் தம்பியோ மச்சானோ காரை எடுத்துப் போகும்போதும் பிரச்சினை இல்லை. தவறி 92 அடித்துவிட்டால் பதற வேண்டாம். எக்சலேட்டரை முழுதாக மிதிக்காமல், பூஸ்டுக்குள் போகாமல் ஓட்டி, தொட்டி இறங்கியதும் 95 அடியுங்கள்.

போத்தலிலும் கலனிலும் வெளியே விற்கும் பெற்றோலை டியூன் செய்த எஞ்சினுக்கு ஒருபோதும் போடாதீர்கள். மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தாலே ஒக்டேன் சடாரென்று விழும். சாதாரண மோட்டார் சைக்கிள் அதைத் தாங்கி ஓடிவிடும், டர்போ எஞ்சின் தாங்காது. சந்தேகம் வந்தால் வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் கறையில்லாமல் உலர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குப்போல் ஒரு வட்டம் மிஞ்சினால் அந்தப் பெற்றோல் வேண்டாம். இது ஒக்டேனை அளக்கும் சோதனை இல்லை. கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

மாரி மழையில் வெள்ளம் நின்ற செட்டுகளிலும் கொஞ்ச நாள் கவனம் தேவை. ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

4. செலவைக் கணக்குப் பாருங்கள்

விலை வழக்கமாக மாத முடிவில் திருத்தப்படுகிறது. 2025-இன் நடுப்பகுதியில் 92 லீற்றர் 300 ரூபாவை ஒட்டியும், 95 லீற்றர் 340 ரூபாவை ஒட்டியும் இருந்தன. வித்தியாசம் 40 ரூபா என்று வைத்தால் 40 லீற்றர் தொட்டிக்கு 1,600 ரூபா கூட. மாதம் நான்கு தொட்டி அடித்தால் 6,400 ரூபா. இந்தக் கூடுதல் காசை மாதாமாதம் கொடுக்க முடியாது என்றால் 92-க்கு டியூன் செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 92-க்குச் சரியாக டியூன் செய்த கார், 95-க்கு டியூன் செய்து 92-இல் ஓடும் காரைவிட நிச்சயமாக நீண்ட நாள் வாழும்.

கலப்புக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொட்டியில் 10 லீற்றர் 92 இருக்கும்போது 30 லீற்றர் 95 அடித்தால் உங்களுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 94.25. சரியான 95-இல் டியூன் செய்யப்போகிறீர்கள் என்றால் தொட்டியை இரண்டு முறையாவது அடிவரை இறக்கி 95 மட்டும் நிரப்பியிருக்க வேண்டும். அடிவரை என்றால் வற்றும்வரை இல்லை. தொட்டிக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப் அந்தப் பெற்றோலால்தான் குளிர்கிறது, காய்ந்தால் எரிந்துவிடும்.

5. டியூனரிடம் போகும்போது

டைனோ (காரை உருளைகள்மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் இயந்திரம்) வசதி பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். போக ஒரு நாள், வேலைக்கு ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஒதுக்குங்கள். ஒரே நாளில் போய்வர நினைத்தால் அவசரத்தில் மெப் முடிந்துவிடும். போகுமுன் புதிய ஸ்பார்க் பிளக், ஒயில், எயார் ஃபில்டர், பெற்றோல் ஃபில்டர் எல்லாம் ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கொம்பிரஷன் டெஸ்டும் செய்துவிடுங்கள். டைனோவில் ஏற்றிய பிறகு ஒரு பழுது தெரியவந்தால் பயணக் காசும் போச்சு, முற்பணமும் போச்சு.

டியூனரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "நான் மட்டக்களப்பில் ஓடுறவன், ஊரில் கிடைக்கிற 95-இல்தான் ஓடுவன், மத்தியான வெயிலிலும் ஓடுவன்." இதைச் சொல்லாவிட்டால் அவர் அன்றைய பெற்றோலுக்கும், மின்விசிறி வைத்த டைனோ அறையின் காற்றுக்கும் பார்த்து கடைசிச் சொட்டு சக்தி வரை இழுத்துவிடுவார். ரசீதில் எண் அழகாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் எவோவுக்கு இப்படித்தான் நடந்தது. டைனோவில் சுத்தமாக ஓடிய கார், ஊர் வந்து சில வாரத்தில் நொக் அடிக்கத் தொடங்கியது. நொக் வரும் எல்லையிலிருந்து குறைந்தது 2 டிகிரி டைமிங்கைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். டோர்க் (எஞ்சின் சுழற்றும் விசை) உச்சம் வரும் இடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடவும் வைக்கலாம். சில குதிரைவலு குறையும். குறையட்டும்.

முழு எக்சலேட்டரில் காற்று-பெற்றோல் விகிதத்தையும் (ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை) கேளுங்கள். டர்போ எஞ்சினுக்குப் பொதுவாக 11.5-ஐ ஒட்டியும், டர்போ இல்லாத எஞ்சினுக்கு 12.5 முதல் 13 வரையும் வைப்பார்கள். அதைவிடப் பெற்றோல் குறைந்தால் வெப்பம் ஏறும், வெப்பம் ஏறினால் ஒக்டேன் தேவையும் ஏறும். முடிந்தால் இரண்டு மெப் கேளுங்கள்: 95-க்கு ஒன்று, 92 மட்டும் கிடைக்கும் நாளுக்குப் பூஸ்ட் குறைத்த இன்னொன்று. பொத்துவில் பக்கம் ஓடுபவருக்கு இந்த இரண்டாவது மெப் பெரிய நிம்மதி.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை: மெப் கோப்பின் பிரதி, டைனோ தாள், ஓட்டத்தின் பதிவுக் கோப்பு, எந்தப் பெற்றோலில் எந்தத் திகதியில் டியூன் செய்தது என்று எழுதிய குறிப்பு. மெப் கோப்பைத் தரமாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். இதை முற்பணம் கொடுக்குமுன் பேசி முடிக்க வேண்டும், பிறகு பேசிப் பயனில்லை.

பாதையில் ஓடும் கார் என்றால் வருடாந்தப் புகைப் பரிசோதனையையும் மறக்காதீர்கள். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றி எறிந்த காரும், பெற்றோல் அதிகமாக வைத்த மெப்பும் அங்கே மாட்டும். எஞ்சினையே மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் அதை மாற்ற வேண்டும். பதிவுப் புத்தகத்தில் ஒரு எஞ்சின் இலக்கம், பொனட்டுக்குள் இன்னொன்று என்றால் விபத்து நேரத்தில் காப்புறுதி கைவிட்டுவிடலாம்.

6. கச்சான் காலத்துக்குச் சோதித்துப் பாருங்கள்

கொழும்பில் இருக்கும் டியூனருக்குத் தெரியாத விஷயம் இது. நம்மூரில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் தார்ப் பாதையே கொதிக்கும். காற்று சூடாகவும் காய்ந்தும் இருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்று சூடானால் நொக் இலகுவாக வரும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் அது நொக்கைக் கொஞ்சம் அடக்கும். கச்சான் காற்றில் அந்த உதவியும் இல்லை. வாடைக் காலத்தில் ஒரு குறையும் சொல்லாத அதே கார், அதே பெற்றோல், ஆடி மாத மத்தியானம் டைமிங்கை இழுக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஓபிடி துறைமுனை (ஸ்கேனரைச் செருகும் இடம்) உள்ள காருக்கு மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கித் தொலைபேசியோடு இணையுங்கள். பார்க்க வேண்டியவை இக்னிஷன் டைமிங், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, கார் காட்டுமென்றால் நொக் திருத்தம். கல்லடிப் பாலத்து நெரிசலில் கார் நிற்கும்போது காற்று வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது, ஓடத் தொடங்கியதும் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கவே நேரம் எடுத்தால் முதலில் காசு போக வேண்டியது டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் அதற்குக் காற்று போகும் வழிக்கும். நல்ல இன்டர்கூலர் ஒவ்வொரு தொட்டியிலும் உங்களுக்கு ஒக்டேன் சம்பாதித்துத் தரும்.

முழு எக்சலேட்டரில் பதிவு எடுப்பதை பொதுப் பாதையில் செய்யாதீர்கள். இரவில் ஆளில்லாத நேர்ப்பாதை என்று நினைப்பீர்கள். லைட் இல்லாத சைக்கிளும் மாடும் வருவதும் அந்த நேரத்தில்தான். டைனோவும் மூடிய ஓடுபாதையும் இதற்காகத்தான் இருக்கின்றன.

7. பூஸ்டர், டொலுயீன், எதனோல்

ஒக்டேன் பூஸ்டர் போத்தலில் '30 பொயின்ட் ஏற்றும்' என்று எழுதியிருந்தால் 95 பெற்றோல் 125 ஆகாது. அவர்கள் கணக்கில் ஒரு பொயின்ட் என்பது 0.1. 30 பொயின்ட் என்றால் 3 எண், அதுவும் சொன்ன அளவு பெற்றோலில் சொன்ன அளவு கலந்தால். பல பூஸ்டர்களில் மங்கனீஸ் சேர்மம் இருக்கும். தொடர்ந்து போட்டால் பிளக் முனையில் செம்மஞ்சள் படிவு பிடிக்கும், ஒக்சிஜன் சென்சரும் கெடும். ரேஸ் நாளுக்கு ஒரு பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்டரை நம்பி மெப் எழுதாதீர்கள்.

டொலுயீனின் ஒக்டேன் 120-ஐ ஒட்டியது. 36 லீற்றர் 95-உடன் 4 லீற்றர் கலந்தால் 97.5 அளவில் வரும் என்பது காகிதக் கணக்கு. ஆனால் அதன் ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும். போதைப்பொருள் தயாரிக்கவும் பயன்படும் என்பதால் சர்வதேச ஒப்பந்தப்படி கட்டுப்பாட்டிலுள்ள இரசாயனம் அது. பெயின்ட் கடைத் தின்னர் சுத்தமான டொலுயீன் அல்ல, அதை ஊற்றினால் என்ன எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் இந்த வழியே வேண்டாம்.

எதனோல் கலந்த ஈ85 வெளிநாட்டு வீடியோக்களில் அதிசயம்போல் இருக்கும். நம்முடைய பம்பில் அது இல்லை. எதனோல் மதுவரிச் சட்டத்துக்குள் வரும் பொருள். போதாததற்கு, ஈ85-க்கு இன்ஜெக்டர், பம்ப், குழாய் எல்லாமே மாற்ற வேண்டும். 95-க்கு மேற்பட்ட பெற்றோல் எங்கேயாவது கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால், உங்கள் ஊர்ச் செட்டில் வருடம் முழுக்கக் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் அது ரேஸுக்கு வாங்குவதற்கு, தினமும் ஓடுவதற்கு அல்ல.

8. ரேஸுக்குப் பதியும் முன்

ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதிக்கோவை இருக்கும். அதில் எரிபொருள் பற்றிய பந்தியை முதலில் படியுங்கள். பம்ப் பெற்றோல் மட்டும் என்று இருக்கலாம், சில வகுப்புகளுக்கு வேறு விதி இருக்கலாம். சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்ஐஏவின் பொது விதியில் ஈயமில்லாத பெற்றோலுக்கு ரொன் 95 முதல் 102 வரை என்று எல்லை இருக்கிறது. பூஸ்டர் சேர்க்க அனுமதி உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள். ஓட்டுநர் உரிமம், போட்டி உரிமம், மருத்துவச் சான்றிதழ், பெற்றோரின் சம்மதக் கடிதம் எது தேவை என்பதும் அதே கோவையில் இருக்கும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரு கையொப்பத்துக்காகக் கொழும்புக்கு ஓடுவது கிழக்கிலிருப்பவருக்கு இரண்டு நாள் வேலை.

அடுத்தது உயரம். தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும் நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே நொக்குக்குப் பயப்படத் தேவை குறைவு, சக்தியும் குறையும். டர்போ எஞ்சின் அப்படியில்லை. மெலிந்த காற்றிலும் அதே பூஸ்டைத் தர டர்போ கூடச் சுழலும், காற்று கூடச் சூடாகும். மலையில் டியூன் செய்துவிட்டு அதே மெப்போடு செங்கலடிக்கு இறங்குவதுதான் மிக மோசமானது. அடர்ந்த காற்றும் சூடும் ஒன்றாக வரும், மெப்புக்கோ அது பழக்கமில்லை. கடல் மட்டத்தில் டியூன் செய்து மேலே போங்கள்.

பெற்றோலை ஊரிலிருந்து கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா? போட்டி வார இறுதியில் பக்கத்துச் செட்டுகளில் 95 முடிந்துபோவது நடக்கக்கூடியது. போகும் வழியில் பதுளை, பண்டாரவளைச் செட்டுகளுக்கு முன்னரே பேசி வையுங்கள். கலனில் கொண்டுபோவது என்றால், இப்படிக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று ஏற்பாட்டாளரிடமும் செட்டிலும் கேட்டுக்கொண்டு, பெற்றோலுக்கென்றே செய்த மூடி இறுகும் இரும்புக் கலனை மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணிக் கேன் வேண்டாம். நிரப்பும்போது கலனை நிலத்தில் வைத்து நிரப்ப வேண்டும். வாகனத்துக்குள் வைத்தபடி நிரப்பினால் நிலைமின் பொறி பறக்க வாய்ப்புண்டு. வாய்வரை நிரப்பாதீர்கள், வெயிலில் பெற்றோல் விரியும்.

9. ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

முதல் பயிற்சி ஓட்டம் முடிந்ததும், எஞ்சின் ஆறியபின், பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள். டோர்ச் வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு, வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நல்லது. மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நொக் தொடங்கிவிட்டது. வெள்ளியாக மின்னும் குறுமணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்தக் காரை அன்றைக்கு மறுபடி ஓட்ட வேண்டாம், யார் என்ன சொன்னாலும்.

கறுப்புப் புள்ளி மட்டும் என்றால் பூஸ்டைக் குறையுங்கள், அல்லது டைமிங்கை 2 டிகிரி இழுங்கள், புதிய பிளக் போட்டு ஒரு ஓட்டம் ஓடி மறுபடி பாருங்கள். டியூன் செய்த எஞ்சினுக்குப் பிளக்கும் ஒரு படி குளிர்ந்ததாக (வெப்பத்தை வேகமாக வெளியேற்றுவதாக) இருப்பது வழக்கம். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது. பொஷ் பிளக்கில் எண் குறைந்தால்தான் குளிர்ந்தது. கடையில் "ஒரு நம்பர் கூடத் தாங்க" என்று மட்டும் கேட்டால் தலைகீழாகக் கிடைத்துவிடலாம். பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், ஒரு செட் கூடுதலாக வாங்கி ரேஸ் பெட்டியில் போட்டு வையுங்கள்.